கைத்துப்பாக்கிக்கும் வைத்தியர் உண்டு

பொலிஸ் உத்தியோகத்தரின் இடையிலே தொங்கும் கைத்துப்பாக்கியை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அதனைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, 'இது நம்பத்தக்கது' என்று சான்று கூறுபவர் யார் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. உத்தியோகத்தர் பலர் பயிற்சிக்களத்துக்கு வெளியே ஒருமுறையேனும் சுடாமலே சேவையிலிருந்து இளைப்பாறிவிடுகின்றனர். ஆண்டுக்கணக்காக உறையிற் கிடக்கும் அக்கருவி, என்றோ ஒரு நாள், ஒரு கணத்தில், பிழையின்றி இயங்க வேண்டும். அதனினும் முக்கியமாக, இயங்கக்கூடாத ஏனைய கணங்கள் அனைத்திலும் அது வாளாவிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் காப்பவரே ஆமரர் எனப்படும் ஆயுதப் பராமரிப்பாளர். அமெரிக்க நாட்டுப் பொலிசாருக்கென நடைபெறும் இத்தகைய பயிற்சி வகுப்பொன்றைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

றிவோல்வர் போய்ப் பிஸ்டல் வந்த கதை

அமெரிக்கப் பொலிசார் நெடுங்காலம் ஆறு ரவைகள் கொள்ளும் றிவோல்வரையே ஏந்தி வந்தனர். அதன் குறையை நாடறியச் செய்த நிகழ்ச்சி 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ஆந் திகதி மயாமி நகரில் நடந்தது. கொள்ளையர் இருவரை எவ்.பி.ஐ. உத்தியோகத்தர் எண்மர் வழிமறித்தனர். சில நிமிடங்களே நீடித்த அச்சமரில் உத்தியோகத்தர் இருவர் உயிர் துறந்தனர், ஐவர் காயமுற்றனர், கொள்ளையர் இருவரும் மாண்டனர். உத்தியோகத்தருட் பலர் வைத்திருந்தவை றிவோல்வர்கள். அவர்களுள் ஒருவர் தமது றிவோல்வருக்கு மீண்டும் ரவையிட்டுக்கொண்டிருக்கும்போதே கையிற் சுடப்பட்டார். இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், பல ரவைகளை ஒரு கூட்டில் அடக்கிக் கைப்பிடிக்குள் ஏற்றும் பிஸ்டலுக்குப் பொலிஸ் படைகள் விரைந்து மாறத் தொடங்கின.

அவ்வாறு மாறியவர்களுட் பலர் தெரிந்துகொண்டது ஒஸ்திரியா நாட்டுக் குளொக் பிஸ்டலாகும். இதனை அமைத்த காஸ்தன் குளொக் என்பார் அதற்கு முன் துப்பாக்கியே செய்தறியாதவர். 1963 இல் அவர் நிறுவிய தொழிற்சாலையில் திரைச்சீலைத் தண்டுகளும் படையினருக்கான கத்திகளும் உருவாயின. அவருடைய 17 ஆவது காப்புரிமை இப்பிஸ்டலுக்குக் கிடைத்ததாகையால் அது குளொக் 17 எனப் பெயர் பெற்றது. 1982 இல் ஒஸ்திரியப் படை அதனை ஏற்றுக்கொண்டது. 1985 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திற் கிளை நிறுவனம் தோன்றியது. கைப்பிடியும் அடிச்சட்டமும் பிளாஸ்டிக். உறுப்புகள் ஏறத்தாழ 34 மட்டுமே. உறுப்புகள் குறைந்தமையாற் கற்பித்தலும் எளிதாயிற்று. குளொக் 2023 ஆம் ஆண்டில் தமது 94 ஆவது வயதிற் காலமானார்.

ஒரு நாட் பாடம்

இப்பிஸ்டலைப் பேணும் முறையைக் கற்பிக்கும் ஆமரர் வகுப்பு ஒரே நாளில் முடிவடைவது. நிறுவனத்தின் போதனாசிரியர்கள் ஊரூராகச் சென்று, பொலிஸ் நிலையங்களிலும் பயிற்சிக்கூடங்களிலும் இதனை நடத்துகின்றனர். காலையிற் புதியவராக வந்தவர் மாலையிற் சான்றிதழுடன் திரும்பலாம். ஆயினும் அச்சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கே செல்லும். அதன்பின் மீண்டும் வகுப்பில் அமர்ந்து தேர்ச்சி பெறல் வேண்டும். ஒருமுறை பெற்ற பட்டத்தை ஆயுள் முழுவதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கும் நம்மனோர்க்கு இவ்வொழுங்கு சிந்தனைக்குரியது.

பெரிய கருவிப் பெட்டியை எதிர்பார்த்துச் செல்வோர் வியப்படைவர். பிஸ்டலின் அடிச்சட்டத்தைப் பிரித்தெடுக்க வேண்டியது ஒரேயொரு மெல்லிய உருக்குக் குச்சி. அதன் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு. அதனாற் சிறு ஆணிகளைத் தள்ளி வெளியேற்றினால் உட்பாகங்கள் கைக்கு வந்துவிடும். பழகியவருக்கு இவ்வேலை சில நிமிடமே. அப்படியாயின் நாள் முழுவதும் எதனைக் கற்பிக்கின்றனர்? ஐயுறுவதற்குக் கற்பிக்கின்றனர் என்பதே விடை.

ஒழுங்கு மாறினால் உயிர் போகும்

வகுப்பறைக்குள் ரவை வருதல் கூடாது என்பது முதல் விதி. அடுத்தது, பிஸ்டல் வெறுமையாக உள்ளதா என்று பார்க்கும் முறை. முதலிற் கைப்பிடியிலுள்ள ரவைக்கூட்டை வெளியே எடுத்தல் வேண்டும். பின்னரே, 'ஸ்லைட்' என்று வழங்கும் மேற்பகுதியைப் பின்னிழுத்து, குழலினுள் இருக்கக்கூடிய ரவையை வெளியேற்றல் வேண்டும். இவ்விரு செயல்களையும் முன்பின்னாக மாற்றிச் செய்தால் என்னாகும் என்று மாணவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். மேற்பகுதியை இழுத்ததும் ஒரு ரவை வெளியே துள்ளி விழும். விட்டதும் கூட்டிலிருந்து மற்றொன்று குழலுக்குள் ஏறிக்கொள்ளும். அதன்பின் கூட்டை எடுத்தவர், கண்முன்னே ரவை விழுந்ததையும் கூடு கையில் இருப்பதையும் கண்டு, பிஸ்டல் வெறுமையென்றே நம்புவார். குழலினுள்ளோ ஒரு ரவை காத்திருக்கும்.

குளொக் பிஸ்டலில் இத்தவறு பின்னும் கொடியது. அதன் மேற்பகுதியைக் கழற்றுமுன் விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அதன் அமைப்பே அத்தகையது. எனவே, துடைத்து வைப்போம் என்று நல்லெண்ணத்துடன் எடுத்தவரே சுட்டுவிட நேரலாம். இதனாற்றான் குழலின் வாயிலைக் கண்ணாற் பார்த்தது போதாதென்று, சுண்டுவிரலை நுழைத்துத் தடவியும் பார்க்கச் சொல்கின்றனர். அதன் பின்னரும், ஆபத்தற்ற திசையை நோக்கிப் பிடித்தே விசையைத் தொடுதல் வேண்டும். கண் ஏமாற்றினாலும் விரல் காக்கும். விரலும் ஏமாந்தாற் திசை காக்கும்.

உறுப்புகளின் பரீட்சை

அடுத்து வருவது உறுப்புகளின் பரீட்சை. இப்பிஸ்டலில் மூன்று காப்புகள் உள. விசையின் நடுவே அமைந்த சிறு நாக்கு முதலாவது. விரல் அதனையும் சேர்த்து அழுத்தினாலன்றி விசை நகராது. ரவையின் அடியைத் தட்டும் ஊசியை மறித்து நிற்கும் சிறு கட்டை இரண்டாவது. பிஸ்டல் கைதவறி விழுந்த அதிர்ச்சியால் வெடிக்காதபடி உட்பாகத்தைத் தாங்கும் அமைப்பு மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். ஊசியை முன்னே தள்ளிப் பார்க்கும்போது அதன் முனை வெளியே தோன்றுமாயின், அப்பிஸ்டல் அன்றே சேவையிலிருந்து விலக்கப்படும்.

எண்ணெயிடுவதிலும் ஓர் உண்மை புலனாகும். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடும் நம் இல்லத்தரசிகள், அளவு மிஞ்சினாற் துணி கறைபடும் என்பதை அறிவர். இங்கே கறைபடுவது துணியன்று. ஊசி ஓடும் துவாரத்தில் எண்ணெய் தேங்கினால், தூசியும் கரியும் அதில் ஒட்டிக் களியாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். எண்ணெய் கசிந்து ரவையின் மருந்தைக் கெடுத்தலும் கூடும். ஆகவே அத்துவாரம் உலர்ந்தே இருத்தல் வேண்டும். ஏனைய இடங்களுக்கும் சில துளிகளே போதும். அக்கறை மிகுந்தவரின் மிகை எண்ணெயும், அக்கறையற்றவரின் துருவும் ஒரே தீங்கையே விளைக்கின்றன.

பழுதுற்ற உறுப்பை அரத்தால் அராவிச் சரிசெய்தல் இவ்வகுப்பில் விலக்கப்பட்டது. தேய்ந்ததை எடுத்தெறிந்து, செய்தவர் தரும் புதிய உறுப்பையே இடல் வேண்டும். கைத்திறன் மிகுந்த கம்மியர்க்கு இது சுவையற்ற வேலையாகத் தோன்றலாம். ஆயின் அராவிய உறுப்பின் இயல்பை அராவியவர் ஒருவரே அறிவார். அதனை ஏந்தி வீதிக்குச் செல்பவரோ வேறொருவர்.

விசையின் பாரம்

ஓர் உறுப்பின் மாற்றம் எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு நியூயோர்க் நகரம் சான்று. சாதாரண குளொக் பிஸ்டலின் விசையை இழுக்க ஏறத்தாழ ஐந்தரை இறாத்தல் விசை போதும். றிவோல்வரின் கடினமான விசைக்குப் பழகிய பொலிசார் தவறுதலாகச் சுட்டுவிடலாம் என்றஞ்சி, அந்நகரப் பொலிஸ் படை பாரமான சுருள்வில்லை இட்டு, அதனைச் சுமார் 12 இறாத்தலாக உயர்த்தியது. தவறுதலான வெடியைத் தடுக்க இஃது உதவும்; ஆனால் வலிந்து இழுக்கும் விரல் குறியையும் அசைத்துவிடும்.

2012 ஓகஸ்ட் 24 ஆந் திகதி, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, கொலை செய்துவிட்டு வந்த ஒருவன் துப்பாக்கியை நீட்டவே, பொலிசார் இருவர் 16 முறை சுட்டனர். அவன் இறந்தான், சன்னங்களாலும் அவற்றின் சிதறல்களாலும் வழியே சென்ற ஒன்பது பேர் காயமடைந்தனர். அதன்பின் எழுந்த வாதங்களில் அப்பாரமான விசையும் இடம்பெற்றது. விசை மட்டுமே காரணமென்று கூறுதல் பொருந்தாது. நெருக்கமான வீதியும், நடுங்கும் நெஞ்சும், பயிற்சியின் அளவும் காரணங்களே. ஆயினும் விரலளவு கூட இல்லாத ஒரு சுருள்வில், முன்பின் அறியாத மக்களின் உடலோடு தொடர்புற்றிருப்பதை ஆமரர் மறத்தலாகாது.

பெயரறியாத பணி

தேரோட்டத்தில் எல்லார் கண்ணும் தேரின் முடியையே நோக்கும். அச்சாணியை நோக்குவார் இலர். ஆமரரின் பணியும் அத்தன்மைத்தே. அவர் செவ்வையாகத் தொழில் செய்தால் எதுவுமே நிகழாது. வெடிக்கக்கூடாத பிஸ்டல் வெடிக்கவில்லை என்பதற்காக எவரும் அவருக்கு மாலை சூட்டப்போவதில்லை. அவருக்கு எஞ்சுவது, ஒவ்வொரு பிஸ்டலின் இலக்கத்துக்கும் எதிரே, இன்ன நாளில் இன்ன உறுப்பு மாற்றப்பட்டது என்று தம் கையால் எழுதிவைத்த குறிப்பு ஒன்றே.

துப்பாக்கி இல்லாத உலகையே நாம் விரும்புகின்றோம். அவ்வுலகம் வரும்வரை, அதனை ஏந்த நேர்ந்தவர் அக்கருவியை நம்பவும், அவர் அருகே நடந்து செல்பவர் அஞ்சாதிருக்கவும் ஒருவர் பொறுப்பேற்றே ஆகவேண்டும். பொறியியல் கற்கும் நம் மாணவர்கள் நாளை மின்சாரம், புகையிரதம், வைத்தியசாலை இயந்திரம் என எதனைப் பேண நேர்ந்தாலும், இவ்வகுப்பின் முதற்பாடம் அவர்களுக்கும் உரியது: வெறுமை என்று பிறர் சொன்னாலும், வெறுமை என்று கண் சொன்னாலும், விரலை நுழைத்துப் பார்த்த பின்னரே நம்புதல் வேண்டும்.