பத்து சென்ட்டுக்குள் இத்தனை அதிசயமா!

ஜெர்மனியில் நகரவாசிகளுக்கென்றே சுமார் 9 லட்சம் குட்டித் தோட்டங்கள் இருக்கின்றன, தெரியுமா? சங்கத்தில் சேர்ந்து குத்தகைக்கு எடுக்கும் துண்டு நிலங்கள் இவை. ஒன்று அதிகபட்சம் 400 சதுர மீட்டர், நம் கணக்கில் பத்து சென்ட்! குடில் கட்டிக்கொள்ளலாம், நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. புல்தரையைப் போட்டுவிட்டுச் சாய்ந்து கிடக்கவும் முடியாது. மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும்!

இவற்றுக்கு 'ஷ்ரேபர் தோட்டம்' என்று பெயர். ஆனால் டாக்டர் ஷ்ரேபர் இப்படி ஒரு தோட்டம்கூடப் போட்டவரில்லை! பிள்ளைகள் வெளியில் ஓடியாட வேண்டும் என்று சொல்லிவந்த லைப்சிக் நகர மருத்துவர் அவர், 1861-ல் காலமானார். 1864-ல் ஹவுஷில்ட் என்ற தலைமையாசிரியர் பெற்றோரைக் கூட்டிச் சங்கம் தொடங்கி, மறைந்தவர் பெயரைச் சூட்டினார். சங்கம் அமைத்தது விளையாட்டு மைதானம்தான். அதன் ஓரத்தில் கெசெல் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பாத்தி கட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் எத்தனை நாள் களை பிடுங்குவார்கள்? சலித்துப்போனார்கள். மண்டிய களையைப் பார்த்துப் பெற்றோர் இறங்கினார்கள். வேலி வந்தது, குடில் வந்தது, ஓர் இயக்கமே வந்துவிட்டது!

பிரிட்டனில் இன்னும் வேடிக்கை. 1908-ம் ஆண்டுச் சட்டப்படி ஊர்க்காரர்கள் ஆறே பேர் சேர்ந்து தோட்ட நிலம் கேட்டு எழுதிக் கொடுத்தால், உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும்! இரண்டாம் உலகப் போரில் லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது, தெரியுமா?

அதே பிரிட்டனின் லெஸ்டர் நகரில் இத்தகைய தோட்டங்களின் மண்ணைச் சோதித்தார்கள். சுற்றியுள்ள விளைநிலங்களைவிட அதில் கரிமச் சத்து 32 சதவீதம் அதிகம்! காரணம் ரகசியமில்லை: வீட்டுக் கழிவை மக்கவைத்துத் திரும்பத் திரும்ப அதே மண்ணில் போடுகிறார்கள்.

நெதர்லாந்தில் நடந்ததுதான் உச்சம். இப்படிக் குட்டித் தோட்டம் வைத்திருக்கும் 30 பேருக்கு மண்டை காயும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தார்கள், மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இருதரப்பிலும் இறங்கியது, தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. அவர்களுடைய உற்சாகமும் முழுசாகத் திரும்பியது. படித்தவர்களுக்கோ மனநிலை இன்னும் மோசமானது! (பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது.)

அமெரிக்காவின் டென்வரில் 291 பேரை வைத்து நடந்த ஆய்விலும் தோட்டம் கிடைத்தவர்கள் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள், உடம்பையும் கூடுதலாக அசைத்தார்கள்.

ஐயோ, நிலமே இல்லாத ஊர் என்ன செய்யும் என்கிறீர்களா? சிங்கப்பூர் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பாத்தி தருகிறார்கள். மூன்று ஆண்டுக் குத்தகை. அங்கே உறவினர் யாராவது இருந்தால் காதில் போட்டுவையுங்கள். இடம் கிடைப்பது குலுக்கலில்தான்!