வட்டம் எல்லாம் விண்கல் பள்ளம் அல்ல

திருகோணமலையின் செய்மதிப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால், சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் வரிசை வரிசையாக வட்டங்கள் தெரியும். அவை பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள். இன்று எஞ்சியிருப்பவை 99. ஊரவருக்கு இது தெரியும். ஊர் தெரியாதவருக்கு மேலிருந்து தெரிவது வெறும் வட்டம்தான்.

விண்கல் பள்ளங்களைத் தேடும் புவியியலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பெரிய விண்கல் செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் மோதுகிறது. அது நிலத்தைத் தோண்டிக்கொண்டு போவதில்லை, மோதிய கணத்திலேயே வெடிக்கிறது. அதனால் சாய்வாக வந்து விழுந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டமாகவே அமைகிறது. ஆனால் எரிமலை வாயும், வெட்டிக் கைவிட்ட கற்குழியும், குளமும்கூட வட்டமாக இருக்கலாம்.

2008இல் இத்தாலியரான வின்சென்சோ டி மிக்கேலே கூகிள் எர்த்தில் எகிப்தியப் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 45 மீற்றர் அகலமான ஒரு குழியைக் கண்டார். அதுதான் கமில் பள்ளம். ஆய்வாளர்கள் 2010இல் அங்கே நேரில் போய், ஆயிரக்கணக்கான இரும்பு விண்கல் துண்டுகளைப் பொறுக்கிய பிறகே ஐயம் தீர்ந்தது. மகாராஷ்டிராவின் லோனார் ஏரி அமைந்திருக்கும் பள்ளம் 1.8 கிலோமீற்றர் அகலமானது. எரிமலைப் பாறையில் இருப்பதால் நெடுங்காலம் அதை எரிமலை வாய் என்றே பலர் நம்பினர். மோதலின் அழுத்தத்தால் மட்டுமே உருவாகக்கூடிய கண்ணாடித் தன்மையான கனிமங்கள் கிடைத்தபின் அந்தக் கருத்து மாறியது.

உலகில் இப்படி உறுதிசெய்யப்பட்ட பள்ளங்கள் இருநூறை அண்டியவையே. இலங்கையில் ஒன்றும் இல்லை. நமது பாறைகள் மிகப் பழையவை. கோடிக்கணக்கான ஆண்டு மழை விளிம்புகளைக் கரைத்திருக்கும், மிச்சத்தைக் காடு மூடியிருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைக் கண்டு விண்கல்லை நினைக்க வேண்டியதில்லை. அதன் கரை வட்டமும் அல்ல; அதன் ஆழம் வெளியே கடலடியில் ஓடும் பெரும் பள்ளத்தாக்கோடு தொடர்புடையது.

குழிகளைச் செய்மதிப் படத்தில் படிக்கும் இந்த முறை நமக்கு வேறொரு விதத்தில் பழக்கமானது. 2009 மே மாதம் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் வன்னிக் கரையோரத்தின் படங்களை நாள் வாரியாக ஒப்பிட்டு, எறிகணைக் குழிகளையும் காணாமற்போன கூடாரங்களையும் சுட்டிக்காட்டியது. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் இடம்பெற்றன. எகிப்தில் படத்தைப் பார்த்தவர்கள் நேரே போய்க் கல்லைக் கையில் எடுத்தார்கள். முள்ளிவாய்க்காலுக்குச் சுயாதீனமான எவரும் அப்போது போக முடியவில்லை. தூரத்துப் படமே சாட்சியாக நிற்க வேண்டியிருந்தது.

ஆர்வமுள்ள மாணவர்கள் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். சென்டினல்-2 செய்மதியின் படங்கள் இலவசம். ஆனால் அவற்றில் ஒரு புள்ளி 10 மீற்றர். கமில் அளவுள்ள குழி நாலைந்து புள்ளி அகலமாகத்தான் தெரியும். வட்டம் ஒன்று கண்ணில் பட்டால் பழைய படங்களில் அது இருந்ததா என்று முதலில் பாருங்கள், பிறகு அந்த ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். துருவேறிய, கனமான, காந்தம் ஒட்டும் இரும்பு விண்கல்லாக இருக்கலாம். போர் நடந்த மண்ணில் அது வெடிக்காத எறிகணையாக இருக்கும் வாய்ப்பே அதிகம். அதைத் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.