கதவு ஸ்பீக்கரில் ஜால்ரா ஏன் மங்குகிறது?

காரின் கதவில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் கும்கி நன்றாகவே கேட்கிறது. ஜால்ராவின் சிலுசிலுப்பு மட்டும் மங்கிவிடுகிறது. ஏன்?

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் பாய்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸில் வெறும் 3.4 சென்டிமீட்டர். அலைநீளம் ஸ்பீக்கரின் கூம்பைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். சிறிதாகிவிட்டால் டார்ச் வெளிச்சம்போல நேர்முகமாகக் குவியும். ஆறரை அங்குல ஸ்பீக்கர் 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் குவியத் தொடங்கி, மேல் ஒலிகளை நம் காலுக்கே பாடிக்காட்டுகிறது! அதனால்தான் 2,500, 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் கிராஸ்ஓவர் என்ற வடிகட்டி மேல் ஒலிகளைப் பிரித்து, காதுக்கு அருகில் உள்ள ட்வீட்டர் என்ற ஓர் அங்குலச் சிறு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

அடுத்த சிக்கல் இதைவிடச் சுவையானது. ஓட்டுநர் நடுவில் உட்காருவதில்லை. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் வலது ஸ்பீக்கர் 90 செ.மீ., இடது 140 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலது ஒலி சுமார் 1.5 மில்லிநொடி முந்தும். முதலில் வந்த பக்கமே ஒலி பிறந்த இடம் என்று மூளை முடிவுகட்டிவிடும். பேலன்ஸைத் திருகினால் சத்தம் சமமாகும், நேரம் ஆகாது. ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் டிஎஸ்பி கருவியில் வலது ஸ்பீக்கருக்கு அதே 1.5 மில்லிநொடி தாமதம் கொடுத்தால், பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார்.

ஓட்டுநருக்கு மட்டும்தான். பக்கத்து இருக்கைக்காரருக்கோ இடைவெளி 3 மில்லிநொடியாகக் கூடியிருக்கும்.