கம்ப்யூட்டரோடு 'டூ' விட்ட கேமரா!



போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பரணில் இருந்தோ, பீரோவின் அடித்தட்டில் இருந்தோ பழைய டிஜிட்டல் கேமரா ஏதாவது கிடைத்ததா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அக்காவின் முதல் பள்ளி நாள், நீங்கள் தவழ்ந்தது, இப்போது நம்மோடு இல்லாத தாத்தாவின் சிரிப்பு என்று, வேறெங்கும் இல்லாத படங்கள் அதற்குள் இருக்கலாம்.

ஆசையாகக் கம்ப்யூட்டரில் மாட்டினால்... ஊஹூம்! இரண்டும் 'டூ' விட்டது போல் முறைக்கின்றனவா? கவலை வேண்டாம், 'பழம்' விட வைத்துவிடலாம். விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால், கோளாறு எதில் இருந்தது என்றே தெரியாது.

முதலில் பேட்டரி!

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ, பச்சையாகவோ பூத்திருந்தால் தொடாதீர்கள். அது செல்லில் இருந்து கசிந்த ரசாயனம். தட்டையான லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. இரண்டுக்குமே அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கள்.

நல்ல பேட்டரி என்றால், அதன் சார்ஜரில் போட்டு முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். பழைய கேமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. கேபிள் வழியாக சார்ஜ் ஏறாது. கேமராவை 'ஆன்' செய்யவும் மறக்காதீர்கள்! படம் பார்ப்பதற்கான முக்கோணப் பட்டனை அழுத்தினால்தான், சில கேமராக்கள் கம்ப்யூட்டரோடு பேசும்.

அடுத்து கேபிள்!

பழைய யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு ஒயர்கள் உண்டு. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் போடுவதற்கென்றே விற்கும் சில மலிவான கேபிள்களில் தகவல் ஒயர்கள் இருக்காது. முனை கச்சிதமாகப் பொருந்தும். படம் மட்டும் வராது! அதனால் வேறு கேபிளையும் போட்டுப் பாருங்கள்.

ஆஜர் சொல்லும் கேமரா!

கேமராவை மாட்டியதும் கம்ப்யூட்டர், வகுப்பு ஆசிரியர் போல, 'நீ யார்?' என்று கேட்கும். கேமரா தன் கம்பெனிக்கான எண்ணையும், மாடலுக்கான எண்ணையும் சொல்லும். அதற்கேற்ற 'டிரைவர்' மென்பொருளைக் கம்ப்யூட்டர் தேடி எடுத்துக்கொள்ளும். இந்தப் பேச்சு நடுவில் அறுந்தால், கேமரா 'ஆப்சென்ட்'தான்!

எனவே, ஹப் எதுவும் இல்லாமல், கம்ப்யூட்டரின் வேறு போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கேமரா மெனுவில் யு.எஸ்.பி. பகுதியில் 'மாஸ் ஸ்டோரேஜ்', 'பி.டி.பி.' என்று இரண்டு இருந்தால், ஒன்றை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

குறுக்கு வழி!

எதற்குமே மசியவில்லையா? கேமராவை அணைத்து, மெமரி கார்டை எடுத்து, 'கார்டு ரீடர்' கருவியில் செருகிவிடுங்கள். கார்டில் பல வகை உண்டு. ரீடர் வாங்கப் போகும்போது கார்டையும் கையோடு கொண்டு போங்கள்.

எஸ்.டி. கார்டின் ஓரத்தில் குட்டியாக ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளிய பிறகு ரீடரில் போடுங்கள். படங்களைப் பார்க்கலாம், காப்பி செய்யலாம். பெரும்பாலான ரீடர்களில் தவறுதலாக அழித்துவிட முடியாது. படங்கள் 'டி.சி.ஐ.எம்.' என்ற ஃபோல்டரில் இருக்கும்.

உஷார்... உஷார்!

சில சமயம், 'இந்தக் கார்டை ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'சரி' என்று அழுத்தினால் தாத்தாவின் சிரிப்பும் போய்விடலாம். 'கேன்சல்' அழுத்தி, வேறு ரீடரிலோ, வேறு கம்ப்யூட்டரிலோ போட்டுப் பாருங்கள். தெரியாமல் அழுத்திவிட்டீர்களா? அந்தக் கார்டில் புதுப் படம் ஒன்றுகூட எடுக்காதீர்கள். பழைய படங்களின் மேல் புதியவை பதியாதவரை, மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு.

தெரியுமா உங்களுக்கு?

* 1975ல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவின் எடை, சுமார் 3.6 கிலோ! ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடிகள் ஆகும். அதை டி.வி.யில்தான் பார்க்க வேண்டும்.

* யு.எஸ்.பி.யை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் பிறந்தவர். யு.எஸ்.பி.யின் முதல் வடிவம் 1996ல் வெளியானது.

படங்கள் வந்துவிட்டனவா? இரண்டு இடங்களில் காப்பி செய்து வையுங்கள். பிறகு பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, 'இது யாரு பாட்டி?' என்று கேளுங்கள். படத்தில் இல்லாத கதைகளும் சேர்ந்து வரும்.

என்ன குட்டீஸ்... 'பழம்' விட்டாச்சா?