பாண்டிய நாட்டை எழுதிய யவனர்

விராலிமலை வழியே மதுரைக்குப் பிரயாணம் செய்வோர் பலர். யவன சரித்திராசிரியர் மெகஸ்தனிஸ் இப்பக்கம் வந்தாரென்பதற்கு ஆதாரமில்லை. கி.மு. 300-ஐ ஒட்டி, ஸெல்யூகஸின் தூதராகச் சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திர சபையில் இருந்து கேட்டதை அவர் எழுதினார்: ஹெராக்லிஸ் தன் புதல்வி பாண்டேயாவுக்கு நாடும், 500 யானைகளும், 4,000 குதிரைகளும், 1,30,000 காலாட்களும் அளித்து, கடல் முத்தால் அலங்கரித்தானாம். கதைதான், ஆயினும் பாண்டியர் பெயரும் முத்தும் கங்கைக்கரை எட்டியதற்குச் சாக்ஷி.

அவருடைய 'இண்டிகா' மறைந்தது. அர்ரியன், ஸ்ட்ராபோ முதலியோர் எடுத்தாண்டவையே எஞ்சின. இந்தியர் எழுத்தறியாதவர் என்றும் அதில் இருந்ததாம்! அந்நியர் புகழ்ந்தால் பூரித்து, இகழ்ந்தால் குன்றுவதேன்? அசோக சாஸனங்களிலேயே பாண்டியர் பெயர் உண்டு. புதுக்கோட்டைச் சீமைக் கல்வெட்டுகள் 1929-இல் நூலாகவே வெளிவந்தன. வாசித்தவர் நம்மில் எத்தனை பேர்?