கடைசல்காரர் கையில் இருக்க வேண்டிய அட்டை

வீரகேரளம்புதூர் பக்கம் லேத் போட்டுக் கடைசல் வேலை பார்ப்பவருக்கு ஒரு பக்கம் குற்றாலம் சீசன் கடைகள், இன்னொரு பக்கம் சொப்புச் சாமானுக்குப் பேர்போன அம்பாசமுத்திரம். கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம், நடைவண்டி எல்லாம் ஒரே உளியில்தான் உருவாகின்றன. ஆனால் பம்பரமும் சொப்பும் நடைவண்டியும் சட்டப்படி பொம்மைகள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாமல் செய்வதும் விற்பதும் குற்றம். 2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் இதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்கிறது. சின்னப் பட்டறை ஒன்று பரிசோதனைக்கூடம் வைத்து அந்த முத்திரையை வாங்குவது நடக்கிற காரியமில்லை.

இதை உணர்ந்துதான் 2020 டிசம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு முத்திரை வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற பொருளைச் செய்யும் பதிவு பெற்ற பயனருக்கும் அப்படியே. அதாவது தலைமுறை தலைமுறையாகக் கடைந்தாலும் பதிவு இல்லையென்றால் விலக்கும் இல்லை. ஊருக்குக் குறியீடு கிடைத்தாலும் ஒவ்வொருவரும் பயனராகத் தனியே பதிய வேண்டும். ஆகவே ‘பெஹ்சான்’ எனப்படும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அரக்கு ஏற்றி மெருகு போடும் பெண்களும் தங்கள் பெயரில் அட்டை வாங்கட்டும். பாதி வேலை அவர்களுடையது. ஆவணத்தில் மட்டும் அவர்கள் பெயர் விடுபடுவது நியாயமே இல்லை.

அடுத்தது பாக்கி. சரக்கை எடுத்துப்போன வியாபாரி மாதக்கணக்கில் இழுத்தடிப்பது இந்தத் தொழிலின் பழைய நோய். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இணையவழியாகப் புகார் கொடுக்கலாம். இதற்கு ‘உத்யம்’ எனப்படும் தொழில் பதிவு வேண்டும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே அது இருப்பது நல்லது. பதிவு இலவசம், யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். துண்டுச்சீட்டானாலும் வியாபாரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் நிற்க முடியாது.

கடனுக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவருக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டன.

மரத்தூளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே 1995-இல் வகைப்படுத்தியது. மூக்கும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளும் பாதிக்கப்படும். துண்டைக் கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்காது, என்95 முகக்கவசம் வேண்டும். லேத் முன்னால் தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் கூடாது.

விபத்து நேர்ந்தால் குடும்பம் கேட்க ஓர் இடம் வேண்டும். தமிழ்நாடு கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிந்தவருக்கு விபத்து நிவாரணம் உண்டு, 60-க்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் பதியலாம். வாரிசு பெயரை அப்போதே எழுதிக் கொடுங்கள். பதிவைப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.