கணக்கு சேர்த்துவைத்த கூட்டம்

1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் படிக்க வந்த கறுப்பின மாணவர்கள் பலர் முதல் ஆண்டிலேயே சறுக்கினார்கள். பள்ளியில் முதலிடம் வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஆசிரியர்களிடம் பதில் தயாராக இருந்தது: ஆர்வம் போதாது, அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிப்பு வாசனை இல்லை, வசதி இல்லை. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றும் தேறவில்லை.

கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் எப்படித்தான் படிக்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்த்தார். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் படித்தார்கள். சாயங்காலம் ஒன்றுகூடினார்கள், சில நாள் சேர்ந்தே சமைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு வீட்டுப்பாடத் தாள்கள் கைமாறும். ஒருவர் போட்ட விடையை இன்னொருவர் சரிபார்ப்பார், ஆங்கிலப் பிழையைக்கூடத் திருத்துவார். யாருடைய அண்ணனாவது வந்து கேள்வி கேட்டு மடக்குவதும் உண்டு. நூலகத்தில் கிடைத்த பழைய வினாத்தாள்களையும் விடாமல் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எங்கே இடிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கறுப்பின மாணவர்களில் 18 பேர் எப்போதும் தனியாகவே படித்தார்கள். நட்பு வேறு, படிப்பு வேறு என்று பிரித்துவைத்த கட்டுப்பாடுதான் அவர்களைப் பெர்க்லிவரை கொண்டுவந்திருந்தது. இங்கே அதுவே காலை வாரியது. கணக்கு வராதபோது, தனக்கு மட்டும்தான் வரவில்லையா, எல்லாருக்குமே கடினமா என்று கேட்க ஆளில்லை. அந்தச் சந்தேகத்தோடு ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பது கொடுமை.

பின்தங்கியவர்களுக்கென்று துணை வகுப்புகள் ஏற்கெனவே இருந்தன. தன் திறமையில் நம்பிக்கை உள்ள மாணவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பானா? 1978-இல் ட்ரைஸ்மன் தொடங்கிய பட்டறை சிறந்த மாணவர்களுக்கான உயர்நிலைத் திட்டமாகவே அறிவிக்கப்பட்டது. அதன் உயிர்நாடி கணக்குத் தாள். வழக்கமான வீட்டுப்பாடத்தைவிடக் கடினமான கணக்குகள். மாணவர் புரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதில் உள்ள ஓட்டையைக் காட்டிக்கொடுக்கவென்றே அமைத்த சில கணக்குகள். அவற்றைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து போட வேண்டும், போட்ட வழியை அடுத்தவருக்கு விளக்க வேண்டும். விரிவுரை கிடையாது. நடத்துபவர் குழுக்களுக்கிடையே நடந்துகொண்டிருப்பார்.

பெஞ்சைத் திருப்பிப் போட்டுக் குழுவாக உட்காரச் சொன்னால் மட்டும் மாணவர்களுக்குள் சேர்ந்து சிந்திக்கும் உறவு வந்துவிடாது. கணக்கு எளிதாக இருந்தால் அவரவர் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டே ஆக வேண்டிய கணக்கைத் தேடித் தருவதில்தான் ஆசிரியரின் உழைப்பு இருக்கிறது.

பட்டறைக்கு வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் வெள்ளையர், ஆசியர் உள்ளிட்ட வகுப்புத் தோழர்களையும் விஞ்சி மதிப்பெண் எடுத்தார்கள். 1980-களின் இறுதியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் இதே முறையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வேறு பல கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. ட்ரைஸ்மனும் பிறகு ஆஸ்டினுக்கே பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.